ஒலிபெருக்கியின் தூரமும் தவிலின் தொப்பியும்

என் சித்தப்பா நாற்பது ஆண்டுகளாகத் தவில் வாசிப்பவர். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் எங்கள் நான்கறை வீட்டுக்கு அவர் சாப்பிட வந்திருந்தபோது, நான் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பொருத்திய ஐந்து ஒலிபெருக்கிகளும் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரும் கொண்ட அமைப்பில் ஒரு நாதசுரக் கச்சேரிப் பதிவைப் போட்டேன். நாதசுரம் அவருக்குப் பிடித்திருந்தது. தனி ஆவர்த்தனம் தொடங்கிய சற்று நேரத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தம்பி, வலந்தலை இங்கதான் இருக்கு. தொப்பி எங்கப்பா போச்சு? குச்சி விழுற சத்தம் கேக்குது, அதோட சேர்ந்து வர்ற கும்முனு ஒண்ணு இருக்குமே, அதைக் காணோம்" என்றார்.

தவிலில் வலந்தலை விரல்களில் கூடு மாட்டி வாசிக்கும் கீச்சுப் பக்கம்; தொப்பி குச்சியால் அடிக்கும் கனத்த பக்கம். தொப்பியில் விழும் ஒரே ஓர் அடி என் வீட்டில் இரண்டு பெட்டிகளிலிருந்து வருகிறது. குச்சி தோலைத் தொடும் கூர்மையான தொடக்கம் முன்பக்க ஒலிபெருக்கிகளிலிருந்து வரும். அதைத் தாங்கி நிற்கும் கனம், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பிரித்து அனுப்பும்படி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒலியைப் பகிர்ந்து தரும் கருவியான ரிசீவரில் நான் அமைத்திருப்பதால், சப்வூஃபரிலிருந்து வரும். இரண்டும் ஒரே கணத்தில் காதுக்கு வந்து சேர்ந்தால்தான் அது ஓர் அடி. எட்டு மாதங்களாக என் காதுக்குப் பிடிபடாத பிழை, அந்த வாத்தியத்தோடு வாழ்ந்தவரின் காதுக்கு அரை நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது.

எதையோ இழக்கிறோம் என்பது எனக்கும் தெரியாமல் இல்லை. கனம் போதவில்லை என்று தோன்றும்போதெல்லாம் சப்வூஃபரின் ஒலியளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்திருந்தேன். அதனால் கனம் வரவில்லை. கீழ்வீட்டு ஆன்ட்டி ஒருநாள் மின்தூக்கியில் என்னைப் பார்த்து, இரவில் தம் கட்டில் அதிர்வதாக மிகவும் தன்மையாகச் சொன்னதுதான் நடந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து ஒலியைக் குறைத்தேன். காரணத்தை மட்டும் நான் தேடவில்லை.

காரணம் நானே செய்த ஒரு திருத்தம். ரிசீவரோடு வந்த சிறு மைக்கை வைத்துத் தானியங்கி அளவீட்டை ஓட்டியபோது, அது சப்வூஃபர் 4.7 மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் காட்டியது. அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தால் பெட்டிக்கும் என் தலைக்கும் இடையே இருந்தது 2.5 மீட்டர்தான். மற்ற ஐந்து ஒலிபெருக்கிகளையும் ஓரிரு சென்டிமீட்டர் வேறுபாட்டில் சரியாகச் சொன்ன கருவி இதில் மட்டும் தவறிவிட்டது என்று முடிவு செய்து, எண்ணை 2.5 என்று மாற்றி எழுதினேன். இதே மாற்றத்தைச் செய்தவர்கள் என் நண்பர்களிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அமைப்புப் பட்டியலில் தூரம் என்று எழுதியிருந்தாலும் ரிசீவர் அந்த எண்ணை நேரமாகத்தான் பயன்படுத்துகிறது. ஒலி காற்றில் 20 பாகை செல்சியஸில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். நம்மூர் வரவேற்பறையின் 30 பாகையில் அது 349 மீட்டரை எட்டும். ஆகவே ஒரு மீட்டரைக் கடக்க ஒலிக்குச் சுமார் 2.9 மில்லிவிநாடி ஆகிறது. நாம் எழுதித் தரும் தூரங்களில் மிகப் பெரியதை ரிசீவர் எடுத்துக்கொண்டு, அந்த ஒலிபெருக்கிக்குத் தாமதமே இல்லாமல் ஒலியை அனுப்பிவிடும். மற்றவற்றை, அவை எவ்வளவு அருகில் இருக்கின்றனவோ அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்து பின்னர் விடும். என் வீட்டில் இடப்பக்க முன் ஒலிபெருக்கி 3.05 மீட்டரிலும் வலப்பக்கத்தது 2.72 மீட்டரிலும், சோஃபாவை ஒட்டியிருக்கும் வலப்பக்கச் சுற்றொலிப் பெட்டி 1.10 மீட்டரிலும் இருக்கின்றன. சப்வூஃபரின் 4.7 என்ற எண்ணை மிகப் பெரிய தூரமாக வைத்துக் கணக்கிட்டால், இடப்பக்கத்தது 4.7 மில்லிவிநாடியும், வலப்பக்கத்தது 5.7 மில்லிவிநாடியும், சுற்றொலிப் பெட்டி 10.3 மில்லிவிநாடியும் காத்திருக்கும். எந்த ஒலிபெருக்கிக்குப் பெரிய எண் எழுதுகிறோமோ அது முந்திப் பேசும், சிறிய எண் எழுதினால் பிந்திப் பேசும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு அமைப்பவர்கள் நிறையப் பேர். பின்பக்க ஒலி வெகுதூரத்திலிருந்து வருவதுபோல் இருக்கட்டும் என்று எண்ணி அதன் தூரத்தைக் கூட்டி எழுதினால், அது உரிய நேரத்துக்கு முன்பே வந்து காதில் விழும்.

இனி சப்வூஃபரின் அந்த 4.7 மீட்டருக்கு வருகிறேன். சப்வூஃபர் வெறும் பெட்டியும் கூம்பும் அல்ல. அதற்குள் பெருக்கியும் வடிகட்டிகளும், பல மாதிரிகளில் எண்முறைச் செயலியும் இருக்கின்றன. தாழ்ந்த ஒலியை வடிகட்டிப் பிரிக்கும் எந்தச் சுற்றும் ஒலியைச் சில மில்லிவிநாடிகள் தாமதப்படுத்தாமல் விடாது. மைக்கிற்குக் கம்பியில் கழிந்த நேரமும் காற்றில் கழிந்த நேரமும் ஒன்றுதான். ஒலி எப்போது வந்து சேர்ந்தது என்பதை மட்டும் அது அறியும். ஆகவே பெட்டிக்குள் செலவான நேரத்தையும் ரிசீவர் காற்றின் கணக்கில் சேர்த்து, இந்தப் பெட்டி 4.7 மீட்டரில் இருப்பதற்குச் சமம் என்று சொன்னது. அது சரியான விடை. கம்பியில்லாச் சப்வூஃபர் வைத்திருக்கும் ஒரு நண்பருக்கு ரிசீவர் 8 மீட்டருக்கு மேல் காட்டியது. அவருடைய வரவேற்பறையின் நீளமே அவ்வளவு இல்லை, ஆனாலும் அந்த எண்ணை அப்படியே விட்டுவைப்பதுதான் முறை.

நான் 2.2 மீட்டரைக் குறைத்து எழுதியதால் சப்வூஃபர் முன்பக்க ஒலிபெருக்கிகளைவிட 6.3 மில்லிவிநாடி பிந்தியது. 80 ஹெர்ட்ஸில் பிரித்தாலும் அதை ஒட்டிய ஒலிகள் முன்பக்கப் பெட்டிகள், சப்வூஃபர் இரண்டிலிருந்தும் வரும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முழுதாக முடிய 12.5 மில்லிவிநாடி ஆகும்; அதில் சரிபாதி 6.25. முன்பக்கக் கூம்புகள் காற்றை முன்னே தள்ளிய அலை என் இருக்கைக்கு வந்து சேரும் அதே கணத்தில் சப்வூஃபர் பின்னே இழுத்த அலையும் வந்து சேர்ந்தது, இரண்டும் ஒன்றையொன்று அழித்தன. 30, 40 ஹெர்ட்ஸ் ஒலிகள் சப்வூஃபரிலிருந்து மட்டுமே வருவதால் அவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. படங்களில் வெடிச்சத்தமும் இடியும் நன்றாகவே கேட்டன, எனக்குச் சந்தேகம் வராததற்கு அதுவே காரணம். இரண்டு பெட்டிகளும் சேர்ந்து பேசும் அந்தக் குறுகிய பகுதியில்தான் ஓட்டை விழுந்திருந்தது, எங்கள் பதிவில் தொப்பியின் கனமும் அங்கேதான் விழுந்தது. இந்த அழிவு நான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நடப்பது. தரை வழியாகக் கீழே இறங்கும் அதிர்வுக்கு அந்தச் சலுகை கிடையாது. நான் கேட்காத கனத்தை ஆன்ட்டி முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. எண்ணை மறுபடி 4.7 ஆக்கிய பிறகு சப்வூஃபரின் அளவை 5 டெசிபெல் குறைத்து வைத்தேன், அப்படியும் முன்பைவிடக் கனம் கூடுதலாகவே இருக்கிறது.

எண்களில் எது எவ்வளவு முக்கியம் என்பதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. சப்வூஃபரில் 30 சென்டிமீட்டர் முன்பின் ஆனால் 80 ஹெர்ட்ஸில் அது, ஒரு முழு அலையை 360 பாகையாகக் கொண்டால், 25 பாகைக் கட்ட வேறுபாடுதான். இழப்பு கால் டெசிபெல்கூட வராது. அதே 30 சென்டிமீட்டரை முன்பக்க இடவலப் பெட்டிகளில் தவறவிட்டால் பாடகர் இருக்கும் இடமே மாறிவிடும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை அடைந்த பிறகு மற்றொரு காதை அடைய எடுத்துக்கொள்ளும் நேரம், நம் தலையின் அளவுக்கு, அதிகபட்சம் 0.6 அல்லது 0.7 மில்லிவிநாடி. திசையைக் கண்டுபிடிக்க மூளை பழகியிருப்பது அத்தனை சிறிய நேரங்களோடுதான். என் வீட்டில் வலப்பக்கப் பெட்டி 33 சென்டிமீட்டர் அருகில் இருக்கிறது; சரிசெய்யாமல் விட்டால் அதன் ஒலி 0.95 மில்லிவிநாடி முந்தும், நடுவில் நிற்க வேண்டிய குரல் முழுவதுமாக வலப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முன்வரிசையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கிறேன். மற்றவற்றில் அவ்வளவு பிடிவாதம் காட்டுவதில்லை.

இந்த 33 சென்டிமீட்டர் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1997ஆம் ஆண்டின் குடிமைத் தற்காப்புப் பாதுகாப்பறைச் சட்டத்துக்குப் பிறகு கட்டப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் கெட்டியான கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட ஒரு பாதுகாப்பறை இருக்கும். எங்கள் வீட்டில் அதன் கதவு தொலைக்காட்சி மேசைக்கு வலப்பக்கம் திறப்பதால், அந்தப் பக்கத்து ஒலிபெருக்கியை முன்னால் நகர்த்தித்தான் வைக்க முடிந்தது. இட நெருக்கடியில் வாழும் நமக்கு நூல் பிடித்தாற்போல் சமச்சீராக வைப்பது அரிது. தாமதம் என்ற வசதி நம்மைப் போன்றவர்களுக்கே உரியது என்று நான் நினைப்பதுண்டு. அந்த எஃகுக் கதவை இறுகச் சாத்தி வைப்பதும் முக்கியம். லேசாகத் திறந்திருந்தால் அதன் கைப்பிடி தாழ்ந்த ஒலிக்கு ரீங்காரமிடும், மைக் அதையும் பதிவு செய்துகொள்ளும்.

அளப்பதற்கு நேரம் வாய்ப்பதுதான் கடினம். எங்கள் புளோக்குக்கு எதிரே எம்ஆர்டி மேம்பாலத்தில் போகிறது. ரயில் கடக்கும்போது எழும் தாழ்ந்த உறுமல் சப்வூஃபரின் அளவைக் கெடுத்துவிடும். விடியற்காலை அமைதியாக இருக்கும் என்று ஒருநாள் முயன்றேன். கீழே மரத்திலிருந்து குயில் ஒன்று, ஒவ்வொரு கூவலிலும் சுருதியை ஏற்றிக்கொண்டே போய், சோதனை ஒலியின் நடுவில் புகுந்துவிட்டது. அண்டை வீட்டாரை எண்ணி இரவு பத்து மணிக்குப் பிறகு நான் சோதனை ஒலி போடுவதில்லை. ஆகவே சனிக்கிழமை பிற்பகலில், ஒரு ரயில் போனதும் அடுத்தது வருவதற்குள் அளக்கிறேன். ஒரு சோதனை ஒலி ஓடி முடிய 5 விநாடிதான் ஆகும் என்பதால் அந்த இடைவெளி தாராளமாகப் போதும். மின்விசிறி, ஏர்கான் இரண்டையும் அணைக்க வேண்டும், ஜன்னல்களைச் சாத்த வேண்டும். பத்து நிமிடத்தில் அறை 31 பாகைக்கு ஏறிவிடும். ஏர்கான் ஓடும் 24 பாகையில் ஒலி விநாடிக்கு 346 மீட்டர், 31 பாகையில் 350 மீட்டர். அளந்தது ஒரு வெப்பத்தில், கேட்பது வேறொரு வெப்பத்தில் என்ற கவலை எனக்கு முதலில் இருந்தது. ஆனால் எல்லா ஒலிபெருக்கிகளின் ஒலியும் ஒரே விகிதத்தில் வேகம் மாறுவதால், ஒரு மீட்டர் வேறுபாட்டுக்கு மிஞ்சும் பிழை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வரும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மைக்கை முக்காலியில், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில், கூரையைப் பார்க்கும்படி நிறுத்துகிறேன். சோஃபாவின் முதுகில் சாய்த்து வைத்தால் மெத்தையில் பட்டுத் திரும்பும் ஒலியும் கலந்துவிடும். ஆடிசி என்ற தானியங்கி அளவீட்டு முறை உள்ள ரிசீவர்களில் மைக்கைப் பல இடங்களில் வைக்கச் சொன்னாலும், தூரங்களும் ஒலியளவுகளும் முதல் இடத்திலிருந்தே கணக்கிடப்படுகின்றன. எனவே அந்த முதல் இடம் சோஃபாவின் நடுவாக இருக்கட்டும். தாமதம் முழுத் துல்லியமாக அமைவது அந்த ஒரே இடத்துக்குத்தான்; ஓரத்தில் உட்காரும் அம்மாவுக்கு அது அமையாது. ஆனால் வசனம் நடு ஒலிபெருக்கியிலிருந்து வருவதால், யார் எங்கே உட்கார்ந்தாலும் பேசுபவரின் குரல் திரையோடு ஒட்டியே இருக்கும். நடு ஒலிபெருக்கி வேண்டாம், இரண்டே போதும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு அம்மாவின் அந்த இருக்கைதான் காரணம்.

ரிசீவர் சொன்னதைச் சரிபார்க்க ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளையும் யூமிக்-1 என்ற மைக்கையும் பயன்படுத்துகிறேன். கணினியில் நேரடியாகச் செருகும் இத்தகைய மைக்குகளுக்குச் சொந்தக் கடிகாரம் இருப்பதால், ஒலி எப்போது கிளம்பியது என்பது மென்பொருளுக்கு உறுதியாகத் தெரியாது. இதற்காக ஒவ்வோர் அளவுக்கும் முன்னால் ஒரு குறிப்பிட்ட ஒலிபெருக்கி, என் வீட்டில் இடப்பக்க முன் ஒலிபெருக்கி, ஒரு சிறு கீச்சொலியை எழுப்பும். அதை அடையாளமாகக் கொண்டு மற்றவற்றின் நேரம் கணிக்கப்படும். பிறகு அந்த ஒலிபெருக்கியையும் சப்வூஃபரையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, சப்வூஃபரின் தூரத்தை 30 சென்டிமீட்டர் படியாக மாற்றி, 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையான பகுதி எந்த எண்ணில் உயர்ந்தும் சீராகவும் இருக்கிறது என்று பார்க்கிறேன். என் வீட்டில் 4.7 இலும் 5.0 இலும் மென்பொருள் வரைந்த கோடு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2.5 என்று எழுதிப் பார்த்தபோது 80 ஹெர்ட்ஸில் கோடு பள்ளத்தில் இறங்கியது. எட்டு மாதம் நான் கேட்டுக்கொண்டிருந்த பள்ளம் அது.

மைக் வாங்க விருப்பமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சப்வூஃபரில் அலையின் கட்டத்தை மாற்றும் திருப்பியை 180 பாகைக்கு மாற்றிவிட்டு, 80 ஹெர்ட்ஸ் தொடர்ஒலியை முன்பக்கப் பெட்டிகளிலும் சப்வூஃபரிலும் ஒலிக்கச் செய்து, இருக்கையில் உட்கார்ந்தபடி தூர எண்ணை மாற்றிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் ஒலி மிகவும் அடங்கும். கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலி ஒன்றே இதற்குப் போதும். அடங்கிய இடத்தில் எண்ணை நிறுத்தி, திருப்பியை மீண்டும் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் அதுவே மிக நன்றாகச் சேரும் இடம். உச்சத்தைத் தேடுவதைவிடப் பள்ளத்தைத் தேடுவது எளிது, ஏனென்றால் பள்ளம் கூர்மையாகத் தெரியும். 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் 4.4 மீட்டர் அளவில் இருப்பதால் அதே பள்ளம் அவ்வளவு தூரம் தள்ளி மறுபடியும் வரும். ரிசீவர் முதலில் சொன்ன எண்ணுக்கு அருகில் வருவதையே எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த வழியில் அளப்பதானாலும், சப்வூஃபரின் பின்பக்கம் உள்ள கிராஸ்ஓவர் திருப்பியை அதன் உச்சத்துக்குத் திருப்பிவிட்டு அளக்கத் தொடங்குங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் ஏற்கெனவே செய்கிறது. அந்தத் திருப்பி தன் பங்குக்கு இன்னொரு வடிகட்டியையும் இன்னொரு தாமதத்தையும் சேர்க்கும்.

பின்பக்க ஒலிபெருக்கிகளை வேண்டுமென்றே தாமதிக்கச் சொல்லும் பழைய அறிவுரை இன்றும் காதில் விழுகிறது. அது பிறந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் ஆய்வேட்டில் காட்டியபடி, ஒரே பேச்சு இரண்டு இடங்களிலிருந்து வந்தால் முதலில் வந்த திசையிலிருந்தே அது வருவதாக நாம் உணர்கிறோம். பிந்தியது 5 முதல் 30 மில்லிவிநாடிக்குள் வந்தால், 10 டெசிபெல் வரை கூடுதலாக இருந்தாலும் தனி ஒலியாகத் தெரிவதில்லை. 1987இல் வீடுகளுக்கு வந்த டால்பி புரோ லாஜிக், இரண்டு தடங்களுக்குள் நான்கு தடங்களை மடித்து வைத்திருந்ததால், முன்பக்க வசனம் பின்பக்கத்திலும் கொஞ்சம் கசிந்தது. பின்பக்கத்தை 15 முதல் 30 மில்லிவிநாடி தாமதித்தால், கசிந்த வசனமும் முன்னாலிருந்து வருவதாகவே மனத்தில் பதியும். 1992இல் திரையரங்குகளுக்கு வந்த டால்பி டிஜிட்டல் முதல் ஒவ்வொரு தடமும் தனித்தனியாகவே வருகிறது. அதில் கசிவும் இல்லை, அந்தத் தாமதத்துக்குத் தேவையும் இல்லை.

உதட்டசைவும் குரலும் பொருந்தாத சிக்கலைச் சிலர் இந்தத் தூரங்களை மாற்றிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். அதற்கு ரிசீவரில் வேறோர் அமைப்பு உண்டு. அது எல்லாத் தடங்களையும் ஒரே அளவில் பிந்தச் செய்யும். தூரம் ஒலிபெருக்கிகளுக்குள் உள்ள வேறுபாட்டை மட்டுமே ஆளும்.

சித்தப்பா பொங்கலுக்கு மறுநாள் வந்தபோது அதே பதிவைப் போட்டேன். தொப்பியில் குச்சி விழுந்ததும் அவருடைய வலது கை விரல்கள் தாமாகச் சோஃபாவின் கைப்பிடியில் வலந்தலைச் சொற்களை வாசிக்கத் தொடங்கின, தனி முடியும்வரை அவர் எதுவும் பேசவில்லை. "ஜோடி சேர்ந்துடுச்சு" என்று மட்டும் கடைசியில் சொன்னார். அன்று விருந்தினர்களுக்காகச் சோஃபாவை 40 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளியிருந்தோம். அம்மாவுக்கு அந்த இடமே பிடித்துப்போய்விட்டதால் அது அங்கேயே இருக்கிறது. முன்வரிசையை நாடாவால் அளந்து மாற்றிவிட்டேன். சுற்றொலிப் பெட்டிகள் இரண்டும் சப்வூஃபரும் பாக்கி. இந்தச் சனிக்கிழமை பிற்பகல் மழை பெய்யாவிட்டால் அளந்துவிடலாம்.